கடைசி பெஞ்சு மல்லிகா

ஜனவரி 8, திங்கள்

இன்று புது வேலையில் சேர்ந்தேன். என்ன வேலை என்று வீட்டில்கூடச் சொல்லக்கூடாதாம், தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நோட்டில் எழுதக்கூடாது என்று அந்தத் தாளில் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

பதினாறு வருடமாக என் தொழில் குரல்தான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "இன்றே கடைசி, தவற விடாதீர்கள்" என்று சுற்றுவார்களே, திருச்சியில் அதில் பாதி என்னுடையது. சொட்டு மருந்து முகாமுக்கு "அம்மா, என்னையக் கூட்டிட்டுப் போம்மா" என்று கெஞ்சும் குழந்தையும் நான்தான். அந்தக் குழந்தையைக் கேட்டுவிட்டுத்தான் பேராசிரியர் தமயந்தி பாலக்கரை ஒலிப்பதிவு நிலையத்துக்கு ஆள் அனுப்பினார். பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறைக்குத் தலைவர் அவர்.

வேலை இதுதான். ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிறவர்கள் நிஜப் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் பாடம் நடத்திப் பழக ஒரு பொய் வகுப்பறை செய்திருக்கிறார்கள். பெரிய திரை, அதில் ஐந்து பொம்மைப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடம் நடத்தினால் கேட்பார்கள், பதில் சொல்வார்கள், சேட்டை செய்வார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் பேசுகிறது என்று பயிற்சி ஆசிரியர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும். அதாவது நான்.

ஆராய்ச்சி முடிந்ததும் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்களாம். அதுவரை நான் யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது.

விண்ணப்பத்தில் 'கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பள்ளிக் கல்வி' என்று எழுதினேன். அது பொய்யில்லை.

ஜனவரி 10, புதன்

பிள்ளைகளோடு பழகினேன். ஒன்று முதல் ஐந்து வரை பொத்தான்கள். எந்தப் பொத்தானை அழுத்துகிறேனோ அந்தப் பிள்ளையின் வாய் அசையும், என் குரல் அவர்கள் குரலாக மாறிப் போகும். குரலை இயந்திரம் மாற்றிவிடும், குணத்தை நான்தான் கொடுக்க வேண்டும்.

ஒன்று, கவின். வாயாடி. இரண்டு, நஸ்ரின். கேள்வி முடியுமுன் விடை சொல்கிறவள். மூன்று, ஆதவன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். நான்கு, ரோஸி. "சார், கவின் கிள்ளுறான்" என்று மூட்டிவிடுகிறவள். ஐந்து, மல்லிகா. கடைசி பெஞ்சு. தானாகப் பேசமாட்டாள். கேட்டால் "தெரியல சார்." மேலும் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவ்வளவுதான் அவளுக்கு எழுதியிருக்கிறார்கள்.

எழுதியது சுபாஷிணி. பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண், இருபத்தேழு வயது இருக்கும். அவளுடைய ஆராய்ச்சிதான் இது. முப்பது பேர், ஆளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம். முதல் முறைக்குப் பிறகு பாதிப் பேருக்கு மட்டும் அவர்கள் நடத்திய வகுப்பின் பதிவைப் போட்டுக் காட்டுவாள். தன்னைத்தானே பார்த்தவர்கள் அடுத்த முறை எல்லாப் பிள்ளைகளையும் கவனிக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பாள்.

"முப்பது பேருக்கும் ஒரே மல்லிகா இருக்கணும் அக்கா. ஒருத்தருக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தருக்கு வேற மாதிரி இருந்தா என் கணக்கே போச்சு" என்றாள்.

இயந்திரத்துக்குப் பயந்துதான் போனேன். இப்போது பிடித்திருக்கிறது. ஐந்து பிள்ளை பெற்றவள்போல் வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 12, வெள்ளி

மகள் ஜெனிட்டாவுக்கு நாளை கணக்கு மாதிரித் தேர்வு. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு இப்போது கடினமாக இருக்கிறதாம். "இந்த ஒரு கணக்க மட்டும் பாத்துச் சொல்லும்மா" என்றாள். அடுப்பில் வேலை இருந்தது.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் பயிற்சி ஆசிரியர்கள் வந்தார்கள். நான் கேமரா வழியாக அவர்களைப் பார்க்கிறேன், அவர்கள் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். ஒரு பெண் உள்ளே வரும்போதே திரையைக் கும்பிட்டாள். ஒருவர் ஆதவனைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, "இவன் எப்படி எழுந்து போவான்?" என்று திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

கவினுக்குத்தான் வேலை அதிகம். மல்லிகாவுக்கு இல்லவே இல்லை என்று சொல்லலாம். அவள் பக்கம் யாராவது பார்க்கிற நேரத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 25, வியாழன்

இதுவரை பதினாறு பேர் வந்தாயிற்று. மல்லிகாவைக் கூப்பிடாதவர்கள் ஆறு பேர். கூப்பிட்டவர்கள் பத்துப் பேர். "தெரியல" என்றதும் பத்துப் பேரும் சொன்னது ஒரே வார்த்தை: "சரி, உக்காரு."

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று சுபாஷிணி கணினியில் அளக்கிறாள். சராசரி ஒன்றே முக்கால் விநாடி.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"நிஜ வகுப்புலயும் அப்படித்தான் அக்கா. உலகம் பூரா அளந்து பாத்திருக்காங்க."

ஒன்றே முக்கால் விநாடியில் கவினால்கூடப் பதில் யோசிக்க முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் வாய்க்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, ஒன்றே முக்கால். சரி, உக்காரு.

பிப்ரவரி 1, வியாழன்

இன்று வந்தவன் பெயர் செங்குட்டுவன். பெயருக்கு ஏற்ற உயரம். பெரம்பலூர்ப் பக்கம். நீலச் சட்டை, புதிதாகத் தேய்த்தது. "வணக்கம் பிள்ளைகளே" என்றபோதே குரல் உடைந்தது.

எழுதியிருந்தபடி கவின் பேசினான். "சார், இதெல்லாம் போன வருசமே நடத்திட்டாங்க." எல்லோருக்கும் அதே வசனம்தான். மற்றவர்கள் அதட்டினார்கள், இல்லையென்றால் சிரித்துக் கடந்தார்கள். இவன் கையில் இருந்த தாளைப் பார்த்தான். தாளில் அதற்குப் பதில் இல்லை. உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். ரோஸியும் ஆதவனும் தங்கள் முறைக்குப் பேச வேண்டியதைப் பேசினார்கள். நான்தான் பேசினேன். நான்காவது நிமிடத்தில் "ஒரு நிமிஷம்" என்று பொம்மைகளிடம் அனுமதி கேட்டுவிட்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை.

காலி வகுப்பறையை ஐந்து பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம்மா அந்தப் பையன். யாராவது போய் ரெண்டு வார்த்தை பேசலாம்ல?" என்று சுபாஷிணியிடம் கேட்டேன்.

"நாம இப்பப் பேசினா ஆராய்ச்சி கெட்டுரும் அக்கா. அவர் இப்படி வெளிய போனதையும் ஒரு முடிவாத்தான் எழுதணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பல்கலைக்கழக வாசல் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது செங்குட்டுவன்.

"மேடம் எந்த டிபார்ட்மெண்ட்?"

வாயைத் திறந்தால் அதில் கவின் இருப்பான், ரோஸி இருப்பாள். தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன்.

"தொண்டை கட்டிருக்கா? பனிக் காலம் பாருங்க." பையைத் துழாவி ஒரு மிளகு மிட்டாயை எடுத்து நீட்டினான். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். பேசாத ஆளிடம் பேசுவது சிலருக்கு எளிது போலிருக்கிறது. தானாகச் சொன்னான். அப்பா கல் குவாரியில் வேலை செய்கிறாராம். வீட்டில் முதல் பட்டதாரி இவன்தான். பொம்மைகளுக்கு முன்னாலேயே நிற்க முடியவில்லை, நிஜப் பிள்ளைகளுக்கு முன்னால் எப்படி நிற்பது? இரண்டாவது முறைக்குப் பெயரை அடித்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்றிருக்கிறானாம்.

நான் தலையை ஆட்டினேன். வேகமாக, இல்லை இல்லை என்று.

"போக வேணாங்கிறீங்களா?"

ஆமாம் என்று ஆட்டினேன்.

சிரித்தான். பஸ் வந்துவிட்டது.

சுபாஷிணியிடம் இதைச் சொல்லவில்லை. பேசக்கூடாது என்றுதான் கையெழுத்துப் போட்டேன். தலையாட்டுவது பேச்சில் சேராது.

பிப்ரவரி 7, புதன்

இன்று மல்லிகாவைக் கூப்பிட்டபோது தண்ணீர் குடிக்கவில்லை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

காலையில் மாதா கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு அப்படியே வேலைக்குப் போனேன். ஒருபொழுது. மாலைக்குள் கவினுக்கே பசி வந்து குரல் இறங்கிவிட்டது.

நாளைய பட்டியலைப் பார்த்தேன். செங்குட்டுவன் பெயர் இருக்கிறது. பதிவைப் பார்க்கும் பாதியில் அவனும் ஒருவனாம். அவனுடைய நான்கு நிமிடத்தை நான்கு தடவை போடச் சொல்லிப் பார்த்தானாம்.

பிப்ரவரி 15, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பத்தே முக்காலுக்கு வந்தான். அதே நீலச் சட்டை. பாடம், பின்னங்களைக் கூட்டுதல். கவின், "சார், இதெல்லாம் போன வருசமே நடத்திட்டாங்க" என்றான். "அப்ப எனக்கு நிம்மதி. தப்பா சொன்னா நீ திருத்து" என்றான் இவன். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லி எழுதினான். நஸ்ரின் விடை சொன்னாள்: ஆறில் ஐந்து. சரி என்றுவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தான்.

"மல்லிகா, உனக்குப் புரிஞ்சுதா?"

ஐந்தை அழுத்தினேன். "தெரியல சார்."

அடுத்தது "சரி, உக்காரு" என்று என் விரல் கவினுக்குப் போய்விட்டது.

"எது தெரியலன்னு சொல்லு பாப்பம்."

எழுதியிருப்பதுபோல் மல்லிகாவைத் தலைகுனிய வைத்தேன்.

அவன் நகரவில்லை. "அவசரம் இல்ல. யோசிச்சு மெதுவா சொல்லு" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கேமராவில் அவன் கண் நேராக என் மேல் இருந்தது. பத்து விநாடி இருக்கும். அதற்கு மேலும் இருக்கும். என்னிடம் அப்படி யாரும் காத்திருந்ததில்லை.

நான் பேசிவிட்டேன்.

"சார், மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. அப்ப அஞ்சுல ரெண்டுன்னுதானே வரணும்? கூட்டுன்னு சொல்லிட்டு கீழ இருக்கறத மட்டும் ஏன் சார் கூட்டக்கூடாது?"

குரல் மல்லிகாவுடையது.

"மீச்சிறு பொது மடங்கு எடுக்கணும்மா" என்றான்.

"ஏன் சார் எடுக்கணும்?"

"அது… விதி."

"அப்படி ஏன் சார் விதி வெச்சாங்க?"

உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான். போச்சு, இவனை இரண்டாவது தடவையும் விரட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான்.

"இது ஒரு கடலை மிட்டாய்னு வெச்சுக்க. உங்கிட்ட இதுல பாதி இருக்கு. நான் இன்னும் மூணுல ஒரு பங்கு தரேன். இப்ப உங்கிட்ட இருக்கறது பாதியவிட அதிகமா, கம்மியா?"

"அதிகம் சார்."

"நீ சொன்ன அஞ்சுல ரெண்டு, பாதியவிட அதிகமா கம்மியா?"

ஐந்தில் பாதி இரண்டரை. "கம்மி சார்."

"நான் குடுத்தப்புறம் உன் மிட்டாய் எப்படிம்மா கொறஞ்சு போச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. மல்லிகாவுக்குச் சிரிக்கிற முகத்தை யாரும் செய்து வைக்கவில்லை. திரையில் அவள் சோகமாகவே உட்கார்ந்திருக்க, அவளிடமிருந்து கலகலவென்று சிரிப்பு வருகிறது. அவனும் சிரித்தான். பிறகு தாளை ஆறாக மடித்தான். பாதி என்றால் மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்றால் இரண்டு கட்டம். எண்ணச் சொன்னான். ஐந்து. ஆறில் ஐந்து.

ஒரே அளவுத் துண்டாக வெட்டினால்தான் எண்ண முடியும். அவ்வளவுதான் விஷயம். பெரிய துண்டையும் சின்னத் துண்டையும் ஒன்றாகப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன் இத்தனை வருடமும்.

மணி அடித்தது. எழுதியிருந்ததை மீறிவிட்டேன். ஆனால் இன்று நல்ல நாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

சுபாஷிணி பதிவைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் அக்கா மாத்திப் பேசினீங்க?"

"வாய் தவறிடுச்சும்மா."

"பதினோரு நிமிஷமா வாய் தவறுச்சு?"

அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருசம் அக்கா. இந்த முப்பது பேரச் சேக்கவே எட்டு மாசம் ஆச்சு. திங்கக்கிழமை மேடம் கிட்டச் சொல்லணும். சொல்லாம மறைக்க என்னால முடியாது."

"சொல்லும்மா. சொல்றதுதான் சரி" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலையே போகப் போகிறபோது கையெழுத்துக்கு என்ன மரியாதை. அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் பேசுவார். முழுக்கக் கேட்டுக்கொண்டு, கறிக்கு இஞ்சி உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கணக்கு இப்ப உனக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுது."

"அப்புறம் என்ன? உள்ளத போய் அந்தம்மா கிட்டச் சொல்லு."

"உள்ளதுன்னா?"

"உள்ளது" என்றார்.

என்னைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை. கறி நன்றாக வந்திருந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

பேராசிரியர் அறையில் நாங்கள் மூன்று பேர். பதிவை முழுக்கப் போட்டுப் பார்த்தார். சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இந்தக் கேள்விய யார் எழுதிக் குடுத்தா?"

"யாரும் இல்லைங்க மேடம். எனக்கே தெரியாது, அதான் கேட்டேன்."

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"எட்டு. எட்டுன்னும் சொல்ல முடியாது. அரையாண்டு வரைக்கும்."

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் படிப்பு நின்றது என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இந்த அறையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா நன்றாகத்தான் இருந்தார். ஆறாம் வகுப்பில் இந்தப் பின்னம் புரியவில்லை. அதற்கு மேல் வந்த எல்லாவற்றுக்குள்ளும் பின்னம் இருந்தது. அறுபத்திரண்டு பேர் வகுப்பு. "தெரியல டீச்சர்" என்றால் உட்காரச் சொல்வார்கள். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்று ஒரு மாதம் பயந்தேன். பிறகு யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றிருந்தது. யாரும் வரவில்லை. பதிவேட்டில் பெயரை அடித்தார்கள்.

இதை மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அழவில்லை. சுபாஷிணிதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேராசிரியர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "இந்த வகுப்ப கணக்குல சேக்க முடியாது. இருபத்தொன்பது பேர் ஆகுது. ஏன் ஒண்ணு விட்டுப்போச்சுன்னு ஆய்வேட்டுல ஒளிக்காம எழுது சுபாஷிணி." பிறகு என்னிடம்: "இன்னும் பதிமூணு பேர் பாக்கி. எழுதினபடி மட்டும் பேச முடியுமா அமலோற்பவம்? முடியலன்னாலும் சொல்லிடுங்க, தப்பில்ல."

"முடியும் மேடம்."

வெளியே வந்ததும் சுபாஷிணி என் கையைப் பிடித்தாள். "மல்லிகாவுக்கு ரெண்டே வரி எழுதினேன் அக்கா. அவ பேசுவாளான்னே நான் யோசிக்கல" என்றாள்.

மார்ச் 7, வியாழன்

பதிமூன்றில் ஒன்பது முடிந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. "தெரியல டீச்சர்." குனிந்த தலை. இன்று ஒரு பெண் ஐந்து விநாடி காத்திருந்தாள். உள்ளே கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மல்லிகாவாகப் பேசியது எளிது, பேசாமல் இருப்பதுதான் வேலை.

மார்ச் 14, வியாழன்

எல்லாம் முடிந்தது. தங்கள் பதிவைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை சராசரியாக மூன்றரை விநாடி காத்திருக்கிறார்களாம். பார்க்காதவர்கள் பழையபடியேதான். கடைசி பெஞ்சைக் கூப்பிட்டதும் பார்த்தவர்கள்தான் அதிகம். செங்குட்டுவனைச் சேர்க்காமலேயே இப்படி வந்திருக்கிறது என்று சுபாஷிணி குதித்தாள். துறை முழுக்கத் தேங்காய் பர்பி கொடுத்தாள். எனக்கு இரண்டு.

மார்ச் 22, வெள்ளி

இன்று முப்பது பேரையும் அரங்கில் உட்கார வைத்து உண்மையைச் சொன்னார்கள். பேராசிரியர் பேசி முடித்ததும் நான் பக்கத்து அறையிலிருந்து மேடைக்கு வந்தேன். இயந்திரம் இல்லாமல், வெறும் குரலில், "சார், இதெல்லாம் போன வருசமே நடத்திட்டாங்க" என்றேன். அரங்கம் அலறியது. "சார், கவின் கிள்ளுறான்" என்றதும் திரையைக் கும்பிட்ட அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிலருக்குக் கோபமும் இருந்தது. "எங்கள ஏமாத்திருக்கீங்க மேடம்" என்று ஒருவர் எழுந்து கேட்டார். நியாயம்தான். பேராசிரியர் மன்னிப்புக் கேட்டு, விருப்பமில்லாதவர்கள் பதிவை நீக்கச் சொல்லலாம் என்றார். யாரும் நீக்கச் சொல்லவில்லை.

கடைசி வரிசையிலிருந்து செங்குட்டுவன் வந்தான்.

"தொண்டை சரியாயிருச்சா மேடம்?"

சுபாஷிணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவனே தொடர்ந்தான். "அன்னிக்கு நான் சொன்னது சரியா இருந்துச்சா மேடம்? அந்த மிட்டாய்க் கணக்கு?"

"எனக்குப் புரிஞ்சுது சார். எனக்கேதான் புரிஞ்சுது. மல்லிகாவுக்கு இல்ல."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கும் அதுவரைக்கும் தெரியாது மேடம். பொது மடங்கு எடுக்கணும்னு தெரியும், எடுத்து எடுத்து மார்க்கும் வாங்கிட்டேன். ஏன்னு ஒருத்தரும் என்னக் கேக்கல. நானும் யாரையும் கேக்கல. நீங்க கேட்டப்பதான் அங்கயே நின்னு யோசிச்சேன்."

பிறகு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்.

ஏப்ரல் 17, புதன்

வேலை தொடர்கிறது. அடுத்த ஆராய்ச்சியில் மல்லிகா கேள்வி கேட்கப் போகிறாள். அந்தக் கேள்விகளை நான் தர வேண்டும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைச் சுபாஷிணி வாங்கிக் கொடுத்தாள். "எங்க புரியாம நிக்குதோ அங்க பென்சில்ல கோடு போடுங்க அக்கா. வெக்கப்படாம போடுங்க."

பென்சில் தேய்ந்துவிட்டது.

மே 4, சனி

ஜெனிட்டா புத்தகங்களைப் பார்த்துவிட்டாள். "எதுக்கும்மா எட்டாம் வகுப்பு புக்?"

சொன்னேன். வேலையை, மல்லிகாவை, பிறகு என்னை.

"அப்ப ஸ்கூல் ஃபார்ம்ல அம்மா படிப்பு பத்தாவதுன்னு எழுதினது?"

"பொய்தான்."

உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, அதுவே பெரிது. பகல் முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் போனை நீட்டினாள். எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு இருக்கிறதாம், எந்த வயதிலும் எழுதலாமாம்.

"இங்கிலீஷ் நான் சொல்லித் தரேன்" என்றாள். "ஆனா நீ கத்தக்கூடாது."

ஜூலை 9, செவ்வாய்

கத்தினேன். இரண்டு தடவை. அவளும் கத்தினாள்.

ஆகஸ்ட் 21, புதன்

உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு மையம். தமிழும் ஆங்கிலமும் முடிந்து இன்று கணக்கு. எங்கள் அறையில் பதினெட்டுப் பேர். மீசை நரைத்தவர்கள் இருவர், கைக்குழந்தையை மாமியாரிடம் வாசலில் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் எங்கள் முழங்கால் இடித்தது. இரண்டு கேள்வி எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். நேரம் போதவில்லை என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையில் இருந்த அம்மா ஒருவர் வந்தார். அங்கன்வாடியில் உதவியாளராம், பெயர் பாப்பாத்தி.

"ஏங்க, அந்தத் தொட்டி நெறயிற கணக்குக்கு என்ன போட்டீங்க?"

என்னிடம் விடை கேட்டு யாரும் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் வந்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"பன்னெண்டு நிமிஷம்."

"எனக்கும் பன்னெண்டுதாங்க!" என்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேருக்கும் ஒரே விடை. சரியான விடைதானா என்று தெரியாது. பஸ் நிறுத்தம் வரை அந்தத் தொட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். எந்தக் குழாயை முதலில் எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று. அவருடைய பஸ் வந்தது. ஏறாமல் அடுத்ததற்கு நின்றார்.

நாளைக்கு அறிவியல்.